கியர்பாக்ஸை இறக்கும் முன் ஸ்கேலை எடுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

சொந்தமாக வண்டி கட்டுகிறவர்களின் கிளட்ச், கியர்பாக்ஸ் சந்தேகங்களைக் கேட்டிருந்தோம். கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். முக்கால்வாசிக் கடிதங்களில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது: “மெக்கானிக் பாக்ஸை இறக்கச் சொல்கிறார்.” கம்பெனி வண்டியென்றால் அந்த யோசனையில் தப்பில்லை. அதில் பெடலும் கேபிளும் மவுண்டும் தொழிற்சாலை அளவில் இருக்கும், தேய்வது உள்ளே இருப்பதுதான். நீங்கள் கட்டிய வண்டியில் எஞ்சினும் கியர்பாக்ஸும் மட்டும்தான் தொழிற்சாலையில் செய்தவை. மற்றதெல்லாம் உங்கள் கை வேலை. சந்தேகத்தையும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): குழாய் சேஸிஸில் பழைய ஆம்னி எஞ்சினும் அதன் கியர்பாக்ஸும் வைத்து ஒரு பக்கி கட்டியிருக்கிறேன். பெடல் நானே வெல்டிங் செய்தது. எஞ்சின் அணைந்திருந்தால் எல்லா கியரும் வெண்ணெய் மாதிரி விழுகிறது. எஞ்சின் ஓடும்போது ரிவர்ஸ் ‘கர்ர்’ என்று அரைக்கிறது. ஃபர்ஸ்ட் போட்டால், கிளட்சை முழுக்க மிதித்திருக்கும்போதே வண்டி முன்னால் ஊர்கிறது. பார்த்த இரண்டு மெக்கானிக்குகளும் சிங்க்ரோ ரிங் (கியர் விழும்போது இரு பக்கச் சுற்று வேகத்தையும் சமமாக்கும் வளையம்) போய்விட்டது என்கிறார்கள். பாக்ஸை இறக்கட்டுமா?

பதில்: வேண்டாம். இந்த கியர்பாக்ஸில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ ரிங்கே கிடையாது. இல்லாத ரிங் எப்படித் தேயும்? சிங்க்ரோ தேய்ந்தால் ஓட்டத்தில் குறிப்பிட்ட ஒரு கியர், பெரும்பாலும் செகண்ட், மட்டும் அரைக்கும். வண்டியை ஊர வைக்காது. நின்ற வண்டியில் ரிவர்ஸ் அரைப்பதும் ஃபர்ஸ்டில் ஊர்வதும் சேர்ந்து வந்தால், கிளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம்.

முதலில் அதை உறுதி செய்துகொள்ளுங்கள். எஞ்சின் ஐடிலில், கியர் நியூட்ரலில் இருக்கட்டும். கிளட்சை மிதித்து மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். மிதித்த உடனே போட்டால் நல்ல வண்டியும் லேசாக அரைக்கும், ஏனென்றால் உள்ளே இன்புட் ஷாஃப்ட் (எஞ்சினின் சுழற்சியை கியர்பாக்ஸுக்குள் கொண்டுபோகும் தண்டு) இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். விட்டுப் பிரிந்த ஷாஃப்ட் சில விநாடிகளில் தானாக நின்றுவிடும். பத்து எண்ணிய பிறகும் அரைத்தால் எஞ்சின் அதை இன்னும் இழுத்துச் சுற்றுகிறது.

இனி ஸ்கேலும் ஒரு உதவியாளும் போதும். எஞ்சினை அணைத்துவிட்டு, கியர்பாக்ஸ் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கிளட்ச் லீவரின் நுனியில், கேபிள் மாட்டும் இடத்தில், ஸ்கேலை வையுங்கள். உதவியாள் பெடலைத் தரை வரை மிதிக்கட்டும். நுனி எத்தனை மி.மீ. நகர்கிறது?

கணக்கு இப்படி. கிளட்ச் பிளேட்டை எஞ்சினின் ஃபிளைவீலோடு அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட்; அதன் நடுவில் உள்ள ஸ்பிரிங் நாக்குகளை விரல்கள் என்போம். இந்த அளவு கிளட்சில், லீவர் தள்ளும் ரிலீஸ் பேரிங் அந்த விரல்களைத் தொட்ட பிறகு சுமார் 8 மி.மீ. தள்ள வேண்டும். லீவர் விகிதம் 2:1 என்றால் நுனியில் 16 மி.மீ. அதோடு விரலைத் தொடும் முன் இருக்க வேண்டிய சும்மா ஆட்டம் 3 மி.மீ. ஆக, கேபிள் 19 மி.மீ. இழுபட வேண்டும்.

சொந்தமாகப் பெடல் செய்கிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். பெடல் லேசாக இருக்கட்டும் என்று நீளமாகச் செய்துவிடுவார்கள். பெடலின் ஆணியிலிருந்து மிதிபலகை வரை 240 மி.மீ., ஆணியிலிருந்து கேபிள் கொக்கி வரை 30 மி.மீ. என்று வையுங்கள். விகிதம் 8:1. கால் 120 மி.மீ. போனால் கேபிள் வருவது 15 மி.மீ. மட்டுமே. அதிலும் வழியில் திருட்டு உண்டு: கேபிளின் வெளி உறையைப் பிடிக்கும் தகடு வளைகிறது, பெடல் ஆணி ஆடுகிறது, உறை அமுங்குகிறது. 4 மி.மீ. அப்படிப் போனால் மிச்சம் 11. சும்மா ஆட்டம் 3 கழித்தால் 8. லீவரில் பாதியாகி பேரிங்குக்குக் கிடைப்பது 4 மி.மீ. தேவையில் பாதி. கியர்பாக்ஸை எத்தனை முறை இறக்கி ஏற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது.

வழி: கொக்கியை ஆணியிலிருந்து 40 மி.மீ. தூரத்துக்கு மாற்றுங்கள். விகிதம் 6:1, கேபிள் 20 மி.மீ. வரும். பெடல் கொஞ்சம் கனக்கும், அது சரிதான். பிறகு திருட்டை நிறுத்த வேண்டும். உதவியாள் மிதிக்கும்போது உறையைப் பிடிக்கும் தகட்டின் மேல் விரலை வையுங்கள். 2 மி.மீ. தகட்டில் ஒற்றையாக நின்றால் வளைவது கையிலேயே தெரியும். 4 மி.மீ. தகடு போட்டு, முக்கோணத் தாங்கல் ஒன்றை வெல்டிங் செய்யுங்கள். பெடலுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகடு உள்வாங்குகிறதா என்றும் பாருங்கள். பெடல் போக வேண்டிய தூரம் முடிந்ததும் நிற்க ஒரு ஸ்டாப்பர் போல்ட் அவசியம். தள்ளுவது ரொம்ப அதிகமானால் விரல்கள் கிளட்ச் பிளேட்டின் ஹப்பில் போய் உரசும்.

லீவர் நுனி 19, 20 மி.மீ. நகர்ந்தும் அரைத்தால்தான் கோளாறு உள்ளே இருக்கிறது. அப்போதும் முதல் சந்தேகம் சிங்க்ரோ மேல் இல்லை. கிளட்ச் பிளேட் திருப்பி மாட்டப்பட்டிருக்கலாம். ஷாஃப்டின் ஸ்ப்லைனில் (பிளேட் உட்காரும் நீளவாட்டுப் பல்வரிசை) துரு ஏறி பிளேட் நகராமல் இருக்கலாம். பிளேட் கோணலாகியிருக்கலாம். இன்புட் ஷாஃப்டின் மூக்கு உட்காரும் பைலட் பேரிங் இறுகி, கிளட்ச் விட்ட பிறகும் ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டிருக்கலாம். இதற்கெல்லாம் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். ஆனால் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து இறக்குவீர்கள்.

கேள்வி (வில்லியனூர்): கேபிளை எடுத்துவிட்டு ஆயில் கிளட்ச் போட்டேன். பெடல் பக்கம் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் 5/8 அங்குலம், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர் 7/8 அங்குலம். பெடல் பஞ்சு மாதிரி லேசு. ஆனால் கியர் விழ மாட்டேன் என்கிறது. இரண்டு முறை பம்ப் செய்து மிதித்தால் ஒருமாதிரி விழுகிறது. மூன்று முறை ப்ளீட் செய்து (ஆயிலில் உள்ள காற்றை வெளியேற்றி) பார்த்துவிட்டேன்.

பதில்: உங்களுக்கு இரண்டு கோளாறு ஒன்றாக இருக்கிறது. ஒன்றைச் சரிசெய்து பார்த்து ‘பலனில்லை’ என்று விட்டுவிடாதீர்கள்.

முதலாவது அளவுப் பொருத்தம். மாஸ்டரிலிருந்து எவ்வளவு ஆயில் போகிறதோ அவ்வளவுதான் ஸ்லேவ் நகரும். நகர்வு, விட்டங்களின் வர்க்க விகிதத்தில் குறையும். 5/8-க்கு 7/8 என்றால் 25-க்கு 49. மாஸ்டர் பிஸ்டன் 25 மி.மீ. போனால் ஸ்லேவ் ஏறக்குறைய 12.8 மி.மீ. மட்டுமே வரும். பெடல் லேசாக இருப்பதன் விலை அது. ஸ்லேவை 3/4 அங்குலமாக மாற்றினால் 25-க்கு 36, அதே மிதிக்கு 17.4 மி.மீ. கிடைக்கும். லீவர் நுனிக்கு எத்தனை தேவை என்று முதல் பதிலில் சொன்னபடி அளந்துகொண்டு சிலிண்டர் வாங்குங்கள். கடையில் கிடைத்ததை வாங்கிவிட்டு அளக்காதீர்கள்.

இரண்டாவது காற்று. பம்ப் செய்தால் கொஞ்சம் தேறுகிறது என்பதே அதற்குச் சாட்சி. மூன்று முறை ப்ளீட் செய்தும் போகவில்லை என்றால் ஸ்லேவ் மாட்டியிருக்கும் கோணத்தைப் பாருங்கள். சொந்தமாக பிராக்கெட் செய்தவர்கள் இடம் கிடைத்தபடி ஸ்லேவை மாட்டிவிடுவார்கள், ப்ளீடிங் நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலே நிற்கும், நிப்பிள் கீழே திறக்கும். நூறு முறை செய்தாலும் வராது. ஸ்லேவைக் கழற்றி, நிப்பிள் மேலே இருக்கும்படி கையில் பிடித்து, பிஸ்டனை முழுக்க உள்ளே தள்ளி ஒரு சி கிளாம்ப் போட்டு நிறுத்திவிட்டு ப்ளீட் செய்யுங்கள். இன்னொரு நல்ல வழி, ஊசி போடும் பெரிய சிரிஞ்சில் ஆயிலை ஏற்றி, நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலே மெல்லத் தள்ளுவது. காற்று மேலே போகத்தானே விரும்பும், அதன் வழிக்கே விட்டுவிடுங்கள். மேலே ரிசர்வாயர் வழிந்துவிடாமல் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும், பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும்.

பெடல் கம்பிக்கும் மாஸ்டர் பிஸ்டனுக்கும் நடுவே 1 மி.மீ. சும்மா ஆட்டம் வேண்டும். அது இல்லையென்றால் ஆயில் ரிசர்வாயருக்குத் திரும்பும் துளை மூடியே இருக்கும். எஞ்சின் சூடேற ஏற ஆயில் விரிந்து கிளட்ச் வழுக்கத் தொடங்கும். ஊற்ற வேண்டியது டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயில். அவசரத்துக்கு எஞ்சின் ஆயில் ஊற்றினால் ரப்பர் வாஷர் ஊதி, இரண்டு சிலிண்டரும் காயலான் கடைக்குத்தான்.

கேள்வி (பண்ருட்டி): ஐடிலில் கியர்பாக்ஸ் பக்கம் சத்தம். கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. ரிலீஸ் பேரிங் மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: மாற்றினாலும் சத்தம் இருக்கும். கிளட்சை மிதித்தால் இன்புட் ஷாஃப்ட் நின்றுவிடுகிறது, அதோடு சத்தமும் நின்றால் அது இன்புட் ஷாஃப்ட் பேரிங் அல்லது லே ஷாஃப்ட் (இன்புட் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும் துணைத் தண்டு) பக்கம். மிதித்தால் சத்தம் வருகிறது என்றால்தான் ரிலீஸ் பேரிங். காலை பெடலில் சும்மா வைத்தாலே சத்தம் அடங்கினால், ரிலீஸ் பேரிங் விரல்களை லேசாகத் தொட்டுத் தொட்டு ஆடுகிறது, சும்மா ஆட்டத்தைச் சரிசெய்து பாருங்கள். கிளட்சை முழுக்க மிதித்து, கியரும் போட்டு நிற்கும்போது மட்டும் கீச்சிட்டால் பைலட் பேரிங். அந்த நிலையில் எஞ்சின் சுற்ற, ஷாஃப்ட் அசையாமல் நிற்க, இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு தேய்வது அது ஒன்றுதான். பாக்ஸை இறக்கும்முன் ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்திருந்து சத்தம் வருவதும் உண்டு.

கேள்வி (அரியாங்குப்பம்): மாருதி 800-இன் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பின்பக்கம் வைத்து இரண்டு சீட் வண்டி. கியர் லீவர் முன்னால், நீளமான ராடு பின்னால் போகிறது. ஆக்சிலேட்டர் கொடுத்தால் தேர்டு துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. ஓரிரு முறை ஃபோர்த்தும்.

பதில்: கியர் முழுக்க உள்ளே போகவில்லை. பல் பாதி மட்டும் பிடித்திருக்கிறது, பாரம் வந்ததும் வழுக்கி வெளியே வருகிறது. கியர்பாக்ஸ் பக்கம் ராடைக் கழற்றிவிட்டு, அதன் ஷிஃப்ட் ஷாஃப்டைக் கையாலேயே நியூட்ரலிலிருந்து தேர்டுக்குத் தள்ளுங்கள். ‘டக்’ என்று உட்காரும் இடம் வரை எத்தனை மி.மீ. என்று சாக்பீஸில் குறித்துக்கொள்ளுங்கள். ராடை மாட்டி, லீவரால் போட்டு அதே குறியைப் பாருங்கள். குறி வரை வரவில்லையா? ராடின் இணைப்பு ஒவ்வொன்றிலும் அரை மி.மீ., ஒரு மி.மீ. ஆட்டம் சேர்ந்து உங்கள் கியரைத் தின்கிறது. நீளமான ராடு நடுவில் தொங்கவும் செய்யும். கம்பிக்குப் பதில் 20 மி.மீ. குழாய் போட்டு, நடுவில் ஒரு நைலான் புஷ் வைத்துத் தாங்குங்கள். இரு முனையிலும் ஆட்டமில்லாத ராடு எண்டு போடுங்கள்.

குறி வரை சரியாக வந்தும் துள்ளுகிறதா? அப்போது இன்னொன்று. 800-இல் லீவரிலிருந்து கியர்பாக்ஸுக்கு இரண்டு ராடு போகும். ஒன்று கியரை மாற்ற, இன்னொன்று லீவரின் அடிப்பகுதியை கியர்பாக்ஸோடு கட்டிவைக்க. ‘இது எதற்கு வெட்டியாக’ என்று இரண்டாவதை வெட்டி எறிந்துவிட்டு, லீவரைச் சேஸிஸில் போல்ட் செய்கிறார்கள். ஆக்சிலேட்டர் கொடுத்ததும் எஞ்சின் ரப்பர் மவுண்டில் சாயும். லீவர் சேஸிஸோடு நிற்கும். எஞ்சினின் சாய்வே ராடை இழுத்து கியரைக் கழற்றிவிடும். அந்த இரண்டாவது ராடைத் திரும்ப மாட்டுங்கள், அல்லது மவுண்ட் ரப்பரைக் கெட்டியாக்கி, எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே முறுக்குத் தாங்கி ஒன்று போடுங்கள். இரண்டும் சரியாக இருந்தும் துள்ளினால் மட்டும் பாக்ஸைத் திறந்து டிடெண்ட் ஸ்பிரிங் (போட்ட கியரை அதன் இடத்தில் பிடித்து நிறுத்துவது), ஷிஃப்ட் ஃபோர்க் (கியர் மாற்றத் தள்ளும் கவை), கியர் பல்லின் முனை ஆகியவற்றைப் பாருங்கள்.

இந்த மாதிரி வண்டி கட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எஞ்சின் பழைய வண்டியின் முன்பக்கத்தில் எந்தத் திசை பார்த்து இருந்ததோ, அதே திசையில் அதைப் பின்னுக்கு நகர்த்துங்கள். இடவசதிக்காகப் பின்முன்னாகத் திருப்பி வைத்தால் நான்கு ரிவர்ஸும் ஒரு ஃபார்வேர்டும் கிடைக்கும்.

கேள்வி (லாஸ்பேட்டை): ஜிப்ஸி கியர்பாக்ஸை வேறொரு எஞ்சினோடு 12 மி.மீ. அடாப்டர் பிளேட் போட்டு இணைத்தேன். பிளேட் லேத்தில் நன்றாகத்தான் கடைந்தது. சில மாதத்தில் கிளட்ச் பிளேட்டின் ஹப், ரிவெட் ஓரமாகக் கிழிந்துவிட்டது. புதுசும் அப்படியே. மட்டமான சரக்கா?

பதில்: ஒன்று கிழிந்தால் சரக்கைச் சந்தேகப்படலாம். இரண்டும் ஒரே இடத்தில் கிழிந்தால் மையம் விலகியிருக்கிறது. கிராங்க் ஷாஃப்டும் இன்புட் ஷாஃப்டும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் கிளட்ச் பிளேட்டின் ஹப் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை வளைந்து நிமிரும். எஞ்சின் 3000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் நிமிடத்துக்கு 3000 முறை. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்து முறிப்பது போலத்தான்.

கிளட்சைக் கழற்றுங்கள். அடாப்டரையும் பெல் ஹவுசிங்கையும் (கிளட்சைச் சுற்றியுள்ள மணி வடிவக் கூடு) எஞ்சினில் மாட்டுங்கள். (ஹவுசிங் தனியாகக் கழலாத பாக்ஸ் என்றால் அடாப்டரின் மையத் துளையிலேயே அளக்கலாம்.) டயல் கேஜின் (மி.மீ.-இல் நூறில் ஒரு பங்கையும் முள்ளால் காட்டும் அளவுகருவி) காந்த ஸ்டாண்டை ஃபிளைவீலில் ஒட்டி, முள்ளை மையத் துளையின் உள்சுவரில் வையுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, மேல், கீழ், இடம், வலம் நான்கிலும் அளவெடுங்கள். கூடுதலுக்கும் குறைவுக்கும் உள்ள வித்தியாசம் 0.13 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். உண்மையான விலகல் அதில் பாதி. முள்ளை ஹவுசிங்கின் முகத்தில் வைத்து அதையும் பாருங்கள், தகடு வெல்டிங் சூட்டில் கோணியிருந்தால் அங்கே தெரியும்.

லேத்தில் நன்றாகக் கடைந்தும் எப்படி விலகும்? போல்ட் ஓட்டையை நம்பியதால். போல்ட் ஓட்டையில் எப்போதும் அரை மி.மீ. இடம் இருக்கும். அது இறுக்குவதற்கு, மையம் காட்டுவதற்கு அல்ல. மையத்தை நிறுத்துவது, ஓட்டையில் ஆட்டமில்லாமல் பொருந்தும் இரண்டு டவல் பின்கள். போல்ட்டை லேசாக இறுக்கி, டயல் கேஜைப் பார்த்துக்கொண்டே பிளேட்டைத் தட்டித் தட்டி 0.13-க்குள் கொண்டுவந்து, முழுக்க இறுக்கி, அந்த நிலையிலேயே இரண்டு டவல் ஓட்டைகளைத் துளைத்து, ரீமர் (ஓட்டையைத் துல்லிய அளவுக்கு இழைக்கும் கருவி) போட்டு, டவல் பின்னை அடியுங்கள்.

12 மி.மீ. தகடு கியர்பாக்ஸையே 12 மி.மீ. பின்னுக்குத் தள்ளிவிட்டது என்பதையும் மறக்கவேண்டாம். ஷாஃப்டின் மூக்கு பைலட் பேரிங்கில் உட்காராமல் காற்றில் நின்றாலும் ஹப் இதே மாதிரிதான் கிழியும். குழந்தைகள் விளையாடும் களிமண்ணை மூக்கில் ஒட்டி, பாக்ஸை ஒரு முறை மாட்டிக் கழற்றினால் அச்சு விழுந்திருக்கும். பேரிங்கின் அகலம் முழுதும் மூக்கு நுழைந்திருக்க வேண்டும். அதே சமயம் துளையின் அடியில் இடிக்காமல் 2, 3 மி.மீ. இடைவெளியும் வேண்டும். ரிலீஸ் பேரிங்கும் 12 மி.மீ. தள்ளிப் போயிருக்கும், லீவரின் கோணத்தைத் திரும்பப் பாருங்கள்.

கேள்வி (லாஸ்பேட்டையிலிருந்தே இன்னொருவர்): இப்படிக் கட்டிய வண்டியை புதுச்சேரியில் பதிவு செய்ய முடியுமா?

பதில்: புதுச்சேரி என்றாலும் கடலூர் என்றாலும் சட்டம் மத்தியச் சட்டம்தான். பதிவான வண்டியின் அமைப்பைத் தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதையே உறுதி செய்தது. புது வண்டி என்றால் அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தில் மாதிரி வண்டிக்கு ஒப்புதல் வாங்க வேண்டும், தனி ஆளின் பணப்பைக்கு அது ஆகாது. சொந்த நிலத்திலும் அனுமதியோடு மூடிய களத்திலும் ஓட்டுங்கள். ஈ.சி.ஆரில் ஒரு ரவுண்டு போய் வரலாம் என்ற ஆசை வேண்டாம்.

கேள்வி (பாகூர்): ஃபர்ஸ்டில் எடுக்கும்போது வண்டி மொத்தமும் தடதடவென்று உதறுகிறது. புது கிளட்ச் செட் போட்டும் போகவில்லை. கூடவே கிளட்ச் கேபிள் நாளுக்கு நாள் இறுகுகிறது. போன மாதம்தான் புதுக் கேபிள் போட்டேன்.

பதில்: உதறலுக்கு எண்ணெய் பட்ட பிளேட், சூட்டில் நீலம் பாரித்த ஃபிளைவீல் எல்லாம் காரணமாகலாம். புது செட் போட்டிருப்பதால் முதலில் கேபிளின் வழியைப் பாருங்கள். கேபிள் உறையின் எஞ்சின் பக்க முனை எதில் மாட்டியிருக்கிறது? கியர்பாக்ஸின் உடம்பில் இருக்க வேண்டும். சேஸிஸில் மாட்டியிருந்தால், கிளட்ச் பிடிக்கத் தொடங்கியதும் எஞ்சின் சாயும், கேபிள் இழுபடும், கிளட்ச் கொஞ்சம் விடும், எஞ்சின் நிமிரும், திரும்பப் பிடிக்கும். இதுதான் அந்தத் தடதட. பிராக்கெட்டை கியர்பாக்ஸுக்கு மாற்றி, எஞ்சின் ஆடினாலும் இழுபடாதபடி கேபிளில் தாராளமாக ஒரு வளைவு விடுங்கள். வளைவு சாப்பாட்டுத் தட்டின் விளிம்பை விட நெருக்கமாக வேண்டாம்.

கேபிள் இறுகுவதற்கு யாரும் சட்டென்று நினைக்காத காரணம் ஒன்று உண்டு: எர்த். பாட்டரியின் நெகட்டிவைச் சேஸிஸில் மாட்டிவிட்டு, சேஸிஸிலிருந்து எஞ்சினுக்குத் தடித்த எர்த் வயர் போட மறந்துவிடுவார்கள். எஞ்சின் ரப்பரில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் திரும்பி வர வேறு வழியில்லாமல் கிளட்ச் கேபிள் வழியாகவும் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகவும் போகும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாய் உருகி, கம்பியைப் பிடித்துக்கொள்ளும். மல்டிமீட்டரில் பாட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே, ஸ்டார்ட் அடிக்கும்போது பாருங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. தடித்த வயரை, பெயின்ட் சுரண்டிய இடத்தில் மாட்டுங்கள். பிறகு புதுக் கேபிள். பழைய கேபிளுக்கு எண்ணெய் விட்டுப் பிழைக்க வைக்க முடியாது.

கேள்வி (கடலூர் முதுநகர்): 2024 ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் ஷெட்டில் இருந்த வண்டிக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படியே போட்டுவிட்டேன். இப்போது எடுக்கலாம் என்று பார்த்தால் கிளட்ச் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பதில்: கிளட்ச் இருக்கட்டும், முதலில் கியர் ஆயில். எஞ்சினைத் தொடும் முன் கியர்பாக்ஸின் வடிகால் போல்ட்டை மெல்லத் தளர்த்துங்கள். நின்ற வண்டியில் தண்ணீர் அடியில் தங்கும், முதலில் அதுதான் சொட்டும். பாலும் டிகாஷனும் கலந்த நிறத்தில் வந்தால் தண்ணீரோடு ஓட்டியிருக்கிறீர்கள் என்று பொருள். முழுக்க வடித்து, விலை குறைந்த கியர் ஆயில் ஊற்றி, சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஐந்து நிமிடம் கியரில் சுற்றவிட்டு வடியுங்கள். ஆயில் தெளிவாக வரும்வரை, குறைந்தது இரண்டு முறை. மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்ட வேண்டாம், பேரிங்குக்கு உயவே இருக்காது. உப்புத் தண்ணீர் இத்தனை நாள் தங்கியிருந்தால் பேரிங் பந்துகளில் குழி விழுந்திருக்கக்கூடும். ஓட்டும்போது இரைச்சல் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

ஒட்டிய பிளேட்டுக்கு முதலில் பொறுமை. பெடலை முழுக்க அழுத்தி ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து இரவு முழுக்க விடுங்கள். காலையில், கட்டை அப்படியே இருக்க, டாப் கியர் போட்டு, எஞ்சின் அணைந்த நிலையில் இரண்டு பேர் வண்டியை முன்னும் பின்னும் உலுக்குங்கள். பல சமயம் ‘டப்’ என்று விட்டுவிடும். விடாவிட்டால் திறந்த இடத்தில், எதிரே ஆள் இல்லாமல், எஞ்சினை நன்றாகச் சூடேற்றி அணைத்துவிட்டு, பெடலை மிதித்தபடி செகண்டில் ஸ்டார்ட் செய்து, வண்டி நகர்ந்ததும் பிரேக் அடிக்கலாம். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி வைத்துக்கொண்டு இதைச் செய்யவே கூடாது. அதற்கும் மசியாவிட்டால் பாக்ஸை இறக்குங்கள். இந்தக் கட்டத்தில் ‘பாக்ஸை இறக்குங்கள்’ என்று மெக்கானிக் சொன்னால் அது சரி.

கடற்கரை ஊரில் இருப்பதால் இரண்டு காரியம் செய்துவிடுங்கள். கியர்பாக்ஸின் மூச்சுத் துளையில் ஒரு ரப்பர் குழாய் மாட்டி சீட் உயரத்துக்கு மேலே கொண்டுபோங்கள். பெல் ஹவுசிங்கின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டையை ‘தூசி போகும்’ என்று அடைத்திருந்தால் திறந்துவிடுங்கள். தண்ணீரும் கசியும் எண்ணெயும் வெளியே போக அது ஒன்றுதான் வழி.

கேள்வி (மஞ்சக்குப்பம்): கியர் ஆயில் எது? கடையில் ஜிஎல்-5தான் ‘டாப்’ என்கிறார்கள்.

பதில்: டிஃபரன்ஷியலுக்கு டாப். பித்தளை சிங்க்ரோ ரிங் உள்ள கியர்பாக்ஸுக்கு, அதன் மேனுவல் வேறு சொல்லாத வரை, ஜிஎல்-4, 75டபிள்யூ-90 அல்லது 80டபிள்யூ-90. ஜிஎல்-5-இன் கூடுதல் கந்தகச் சேர்மானம் பித்தளைக்கு ஆகாது, சிங்க்ரோ பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கவும் விடும். நிரப்பும் ஓட்டை வழியாக வழியும் வரை ஊற்றுவது வழக்கம். ஆனால் பாக்ஸை நீங்கள் பழைய வண்டியில் இருந்ததை விடச் சாய்த்து மாட்டியிருந்தால் அந்த ஓட்டை பொய் சொல்லும். மாட்டும் முன்பே பழைய சாய்வில் பெஞ்சில் வைத்து, வழியும் வரை எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்): கிளட்ச் மாற்றிவிட்டு பாக்ஸை ஏற்றினால் எஞ்சினோடு ஒட்டாமல் 10 மி.மீ. நிற்கிறது. நீள போல்ட் போட்டு இழுத்துவிடலாமா?

பதில்: கூடாது. இழுத்தால் ஒன்று ஹப் நசுங்கும், இல்லை ஹவுசிங்கின் காது உடையும். பிளேட் மையத்தில் இல்லை, அதுதான். பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்றைக் காயலான் கடையில் வாங்கி வெட்டினால் நல்ல மையக் கருவி ஆகும். அதை நுழைத்து வைத்துக்கொண்டு, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றும் அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்குங்கள். எம்8 போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர். கருவி எளிதாக வெளியே வந்து திரும்ப உள்ளே போனால் மையம் சரி. ஸ்ப்லைனில் கிரீஸ் தடவி, வழிவதைத் துணியால் துடைத்துவிடுங்கள், மிஞ்சியது சுற்றும்போது பிளேட்டில் தெறிக்கும். பாக்ஸை டாப் கியரில் போட்டு ஏற்றுங்கள். கடைசி 10 மி.மீ.-இல் நின்றால், ஒருவர் பின்னால் அவுட்புட் ஷாஃப்டை மெல்லச் சுற்ற, ஸ்ப்லைன் பல் ஒன்றோடொன்று பொருந்தி பாக்ஸ் கையாலேயே போய் ஒட்டும். டவல் பின் இரண்டும் உள்ளே போன பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.